எந்த மயக்கம்? தருமபுரி, கிருஷ்ணகிரியில் மெடிசின் போஸ்டிங்குக்கு வருகிறவர்களுக்கு

என்னுடைய முதல் மெடிசின் போஸ்டிங்கில் (பொது மருத்துவ வார்டில் பயிற்சி) எனக்குக் கிடைத்த முதல் நோயாளி அறுபது வயதுப் பெரியவர். "என்னங்கய்யா செய்யுது?" என்று கேட்டேன். "மயக்கமா வருது" என்றார். கேஸ் ஷீட்டில் 'சின்கோப்' (திடீரென்று நினைவு தப்புவது) என்று எழுதிவிட்டு, இதயத்தில் என்னென்ன கோளாறு இருந்தால் அது வரும் என்று முந்தின நாள் படித்ததையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு நின்றேன். ரவுண்ட்ஸில் சீஃப் (எங்கள் யூனிட்டின் தலைமை டாக்டர்) கேட்டது ஒரே கேள்விதான்: "எந்த மயக்கம்?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவரே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விசாரித்தார். நினைவு தப்பி விழுந்தாரா, தலை சுற்றியதா, கண் இருட்டியதா, பசி மயக்கம் மாதிரி கைகால் தளர்ந்ததா, இல்லை தூக்க மயக்கமா? பெரியவருக்கு உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது, அவ்வளவுதான். ஒரே பி.பி. மாத்திரையை அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெயரிலும் கடையில் இன்னொரு பெயரிலும் வாங்கி, இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வருடத்தில் முதல்முறை வார்டுக்குள் நுழைகிறவர்களுக்கும், படிப்பு முடித்து ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி டாக்டராக) வருகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நோய்களைப் பற்றிப் படிக்கப் புத்தகம் இருக்கிறது. இங்கே படுத்திருக்கிறவர் பேசும் தமிழைக் கேஸ் ஷீட்டின் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதும், அங்கிருந்து திரும்ப அவர் தமிழுக்குக் கொண்டுவருவதும் எந்தப் பாடத்திலும் இல்லை. நான் அடிபட்டுக் கற்றதில் பெரும்பகுதி அதுதான்.

வருவதற்கு முன்

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008இல் தொடங்கியது. கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டமானது. அங்கே மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரியில் மாநிலத்தில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் ஒன்று. அது ஊருக்கு வெளியே போலுப்பள்ளியில் இருக்கிறது. சென்னையிலிருந்து சேலம் வழி போகும் ரயிலில் வந்தால் தருமபுரிக்கு இறங்க வேண்டிய இடம் மொரப்பூர், அப்புறம் பஸ். தருமபுரி ஸ்டேஷன் இருப்பது சேலம்–பெங்களூரு பாதையில். கிருஷ்ணகிரி ஊருக்கு ரயிலே கிடையாது.

மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணையும் (0, 1, 6 மாதம்) போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் ஊசியை இந்த வாரமே போடுங்கள். வார்டில் ரத்தம் எடுக்க ஆரம்பித்த பிறகு நினைவுக்கு வருவதில் பயனில்லை. விலை உயர்ந்த ஸ்டெதாஸ்கோப் வேண்டாம். முதல் வருடத்தில் அது எப்படியும் ஒருமுறை தொலையும். டார்ச், முட்டி தட்டும் சுத்தி, அங்குல டேப், 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க், கொஞ்சம் பஞ்சு, பாக்கெட்டில் அடங்கும் நோட்டு. பேனா நான்கு: ஒன்று உங்களுக்கு, ஒன்று சீஃப் வாங்கித் திருப்பித் தராமல் போவதற்கு, மற்ற இரண்டும் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. மூடிய ஷூ போடுங்கள். செருப்போடு வார்டுக்குப் போனால் கீழே கிடக்கும் ஊசி உங்களைத்தான் தேடும். காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ரவுண்ட்ஸில் மயங்கி விழும் மாணவர் வருடத்துக்கு ஒருவராவது உண்டு. அது பசி மயக்கம்.

முதல் இரண்டு நாள்

முதல் இரண்டு நாளும் நோயைப் படிக்க வேண்டாம், வார்டைப் படியுங்கள். உங்கள் யூனிட் எது, அதற்கு ஓ.பி. எந்தக் கிழமை, அட்மிஷன் எந்தக் கிழமை? அட்மிஷன் நாளுக்கு மறுநாள் காலையில்தான் புது நோயாளிகள் நிறைய இருப்பார்கள், ரவுண்ட்ஸும் நீளும். ஆண்கள் வார்டு, பெண்கள் வார்டு, ஐ.எம்.சி.யூ. என்ற தீவிர சிகிச்சை வார்டு மூன்றிலும் அவசர மருந்து ட்ரே எங்கே இருக்கிறது, ஈ.சி.ஜி. மெஷின் எங்கே, சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் யாரிடம் என்று ஒரு நடை நடந்து தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், சிஸ்டரிடம் போய்ப் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். இருபது வருட சர்வீஸ் உள்ள ஸ்டாஃப் நர்ஸுக்கு எந்த நோயாளி இன்று ராத்திரி மோசமாகப் போகிறார் என்று முகத்தைப் பார்த்தே தெரியும். கேஸ் ஷீட்டை எடுத்தால் எடுத்த இடத்திலேயே வையுங்கள். வார்டில் வரும் சண்டைகளில் பாதி காணாமல் போன கேஸ் ஷீட்டால் வருவது.

யாரைப் பார்ப்பது

மண்ணீரல் வீங்கிய ஒருவர் வார்டில் இருந்தால் போதும், ஒரே காலையில் பன்னிரண்டு பேர் அவர் வயிற்றை அமுக்கிவிடுவார்கள். பன்னிரண்டாவது ஆளாக நீங்கள் போகாதீர்கள். மாணவர்கள் யாரும் எட்டிப் பார்க்காத, மூலையில் படுத்திருக்கும் 'சாதாரண' சுகர் நோயாளியிடம் உட்காருங்கள். அங்கேதான் அவசரமில்லாமல் பேச முடியும்.

சாப்பாடு வரும் நேரத்தில் போகாதீர்கள். "நான் இங்க படிக்கிற ஸ்டூடண்ட். கொஞ்ச நேரம் உங்ககிட்ட பேசலாமா, உடம்பைப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முடியாது என்றால் சரி என்று எழுந்துவிடுங்கள். பெரியவர்களை ஐயா, அம்மா, பாட்டி என்று கூப்பிட்டால் போதும். 'அந்த சிரோசிஸ் எங்கே?' என்று கட்டில் பக்கத்தில் நின்று பேசாதீர்கள், அவருக்கு அந்த வார்த்தை தெரியாவிட்டாலும் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரியும். பெண் நோயாளியைப் பார்க்கும் ஆண் மாணவர்கள், சிஸ்டரோ உடன் படிக்கும் பெண்ணோ பக்கத்தில் இல்லாமல் தொடவே வேண்டாம். திரையை இழுத்துவிடுவதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பேச்சைக் கேட்பது

முதல் இரண்டு நிமிடம் குறுக்கே பேசாமல் இருந்து பாருங்கள். அதுவே கஷ்டம். அவர் சொல்லும் முதல் வாக்கியத்தை அப்படியே, தமிழிலேயே நோட்டில் எழுதுங்கள். அதன் பக்கத்தில் உங்கள் ஆங்கில வார்த்தையை எழுதலாம், ஆனால் விசாரித்த பிறகு.

மயக்கத்தைப் போலவே ஏமாற்றும் இன்னொரு சொல் 'இழுப்பு'. "ராத்திரியெல்லாம் இழுப்பு" என்றால் ஆஸ்துமா. "கைகால் இழுத்துக்கிச்சு" என்றால் வலிப்பாகவும் இருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். "வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு" என்றால் முகநரம்பாகவும் இருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். "எப்படி இழுத்துச்சு, செஞ்சு காட்டுங்க" என்று கூட வந்தவரிடம் கேளுங்கள். நடித்துக் காட்டிவிடுவார்கள். எந்தக் கேள்விப் பட்டியலும் அதற்கு ஈடாகாது. பக்கவாதம் என்றால் உடனே அடுத்த கேள்வி, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" என்பதுதான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். 'காலையில எந்திரிச்சப்பவே இப்படித்தான்' என்றால் கடிகாரம் முந்தின ராத்திரி அவர் படுக்கப் போன நேரத்திலிருந்து ஓடுகிறது.

'வாயு' இன்னும் ஆபத்தானது. "நெஞ்சுல வாயு பிடிச்சிருக்கு", "கேஸ் டிரபிள்" என்று வந்து, சோடா குடித்து, ஓமத் தண்ணி குடித்து, ஒரு ராத்திரியைக் கழித்துவிட்டு வரும் மாரடைப்பு இந்தப் பக்கம் நிறைய. சுகர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் படபடப்புமாகவும் வரலாம். நாற்பதைத் தாண்டிய யார் வாயு என்று சொன்னாலும் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுங்கள். அது வாயுவாகவே இருந்தால் ஒரு துண்டுக் காகிதம்தான் வீண்.

"உப்பு ஏறிப்போச்சுன்னு சொன்னாங்க" என்றால் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகக் கோளாறு. சோடியத்தை நினைத்துக்கொண்டு நான் ஒருமுறை பத்து நிமிடம் தவறான பாதையில் போயிருக்கிறேன். 'நரம்புத் தளர்ச்சி' என்பதற்குள் எல்லாம் அடங்கும்: சுகரால் வரும் பாத மதமதப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, மனச்சோர்வு. நள்ளிரவு டி.வி. வைத்தியர்களின் தயவால் ஆண்கள் அந்தச் சொல்லை வேறொரு கவலைக்கும் பயன்படுத்துகிறார்கள். அதைக் கேட்க வேண்டுமென்றால் சொந்தக்காரர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

கிருஷ்ணகிரிக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஓசூர், சூளகிரி, வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கு. தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் கன்னடம். கிருஷ்ணகிரி டவுனில் உருது. பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியும்தான், ஆனால் வலி வந்தால் வீட்டு மொழிதான் வாயில் வரும். "எக்கட நொப்பி?", "எல்லி நோவு?" என்று, எங்கே வலி என்பதை அவர்கள் மொழியில் கேட்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு சொல்லை மட்டும் குறித்து வையுங்கள்: ஆயாசம். நமக்கு அது களைப்பு. தெலுங்குக்காரர் சொன்னால் மூச்சு வாங்குவது. களைப்பு என்று எழுதிவிட்டுப் போய்விட்டால், செயலிழக்கும் இதயம் ஒன்றைத் தவறவிடுவீர்கள்.

எத்தனை நாளாக என்று கேட்டால் தேதி வராது, பண்டிகை வரும். "ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போய்ட்டு வந்ததிலருந்து", "மாங்கா சீசன்ல", "தீபாவளிக்கு முந்தி" என்பார்கள். இது தேதியைவிட நம்பத் தகுந்தது. ஆடி 18 என்றால் ஆகஸ்ட் 2 அல்லது 3. கணக்குப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

குடியைப் பற்றிக் கேட்கும்போது குரலை மாற்றாதீர்கள். "குடிப்பீங்களா?" என்றால் "எப்பவாச்சும்" என்று பதில் வரும். "ஒரு நாளைக்குக் கட்டிங்கா, குவார்ட்டரா?" என்று கேட்டால் உண்மை வரும். குவார்ட்டர் என்பது 180 மி.லி., கட்டிங் அதில் பாதி. ஒரு குவார்ட்டர் பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். தினம் ஒன்று, பதினைந்து வருடம் என்றால் ஈரல் பக்கம் கை வைப்பதற்கு முன்பே பாதி விடை கையில் இருக்கிறது. கடைசியாகக் குடித்தது எப்போது என்றும் கேட்டு எழுதுங்கள். அட்மிஷனான இரண்டாம் மூன்றாம் நாள் ராத்திரி அவர் கைநடுங்கி, இல்லாத பூச்சியைச் சுவரில் தேட ஆரம்பித்தால், சொந்தக்காரர்கள் 'ஜன்னி' என்பார்கள். குடி திடீரென்று நின்றதால் வருவது அது.

வேலை என்ன என்று கேட்டு, 'கூலி' என்று பதில் வந்தால் அதோடு நிறுத்தாதீர்கள். என்ன கூலி? கிரானைட் குவாரியில் கல் அறுத்தவருக்கு நாள்பட்ட இருமல் என்றால் டி.பி. மட்டும் யோசித்தால் போதாது, கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸையும் யோசிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தும் வரும். பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர், பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போய் மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிறவர், மல்பெரி வெட்டிப் பட்டுப்புழு வளர்க்கிறவர் என்று ஒவ்வொருவருக்கும் கதை வேறு. பெங்களூருவில் இருப்பவருக்கு மாத்திரை தீர்ந்தால் அங்கே யார் தருவார்கள் என்பதும் அந்தக் கதையில் சேர்த்தி.

மாத்திரையைப் பற்றிக் கேட்காதீர்கள், பையைக் கேளுங்கள். தலைமாட்டில் ஒரு துணிப்பையோ பாலித்தீன் கவரோ இருக்கும். அனுமதி வாங்கிக் கட்டிலில் கொட்டச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரை, 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனது (அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்), மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லாமல் வாங்கிய மூட்டுவலி மாத்திரை, உள்ளூர் 'கம்பவுண்டர்' கொடுத்த ஸ்டீராய்டு, நாட்டு மருந்துப் பொட்டலம் எல்லாம் ஒன்றாக விழும். என் முதல் நாள் பெரியவரின் மர்மம் இந்தப் பையில்தான் இருந்தது. மூன்று வருடம் தினம் இரண்டு வலி மாத்திரை விழுங்கியவருக்கு 'உப்பு' ஏன் ஏறியது என்பதும் இதே பையில்தான் தெரியும். திட்டாதீர்கள். ஒருமுறை திட்டினால் அடுத்தமுறை பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள்.

தொட்டுப் பார்ப்பது

கையிலிருந்து ஆரம்பியுங்கள். நாடியைப் பிடித்துக்கொண்டே கையைப் பார்த்தால் நகம் வெளுத்திருப்பது, விரல்நுனி உருண்டிருப்பது, பீடிக்கறை எல்லாம் தெரியும், அவரும் பழகிவிடுவார். அப்புறம் கண், நாக்கு, கழுத்து, கால்வீக்கம். அதற்குப் பிறகுதான் ஸ்டெதாஸ்கோப். சட்டைக்கு மேல் வைத்துக் கேட்பது கேட்காததற்குச் சமம். நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் முறையை 1761இல் எழுதி வெளியிட்ட ஔவன்ப்ரூகர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து அந்த யோசனை வந்தது என்பார்கள். தேங்காயைத் தட்டி வாங்கிப் பழகிய நமக்கு அது ஒன்றும் புதிதில்லை. ஹாஸ்டல் சுவரில், மேஜையில், உங்கள் தொடையில் தட்டிப் பழகுங்கள்.

இந்த ஊருக்கென்று சில பழக்கங்கள் வேண்டும். முதலாவது பல். இந்த இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீர் இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. போர்வெல் தண்ணீர் பல ஊர்களில் அதைத் தாண்டியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே இதற்காகத்தான். ஆனால் அதற்கு முன்பு முப்பது நாற்பது வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள்தான் இன்று உங்கள் வார்டில் இருக்கிறார்கள். பல்லில் பழுப்புக் கோடு, விறைத்த முதுகு என்றால் மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள்: முட்டியை மடக்காமல் குனிந்து தரையைத் தொடுவது, தாடையை நெஞ்சில் படவைப்பது, இரண்டு கையையும் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோவது. முடியாவிட்டால் எக்ஸ்ரேயில் தசைநார்கள் சுண்ணாம்பேறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு காலும் விறைத்து நடை தடுமாறி வருகிறவருக்கு, அந்த எலும்பு தண்டுவடத்தை நெருக்குவதும் காரணமாக இருக்கலாம். வெளியூரில் படித்தவர்களுக்குப் பட்டியலின் அடியில் இருக்கும் இந்தக் காரணம், இங்கே மேலே வர வேண்டும்.

இரண்டாவது, காரணம் தெரியாத காய்ச்சலுக்கு அக்குள், இடுப்பு மடிப்பு, தொடையிடுக்கு, பெண்களுக்கு மார்பின் அடி. சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்பாக, வலியில்லாத ஒரு புண் இருந்தால் அது ஸ்க்ரப் டைஃபஸ். காட்டோரம், புதர் ஓரம் வேலை செய்கிறவர்களைக் கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது. வலிக்காததால் நோயாளியே சொல்லமாட்டார். டாக்சிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரையில் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். பார்க்காமல் விட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் போகும்.

மூன்றாவது பாம்புக்கடி. கட்டுவிரியன் ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல் தடமே தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, அப்புறம் இமை தொங்கிப்போவது. 'எங்கே படுத்திருந்தீங்க, தரையிலயா?' என்ற கேள்வி அங்கே உயிர்காக்கும் கேள்வி. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடி என்றால் ரத்தம் உறையாது. அதைப் பார்க்கும் இருபது நிமிடச் சோதனையை உங்களிடம்தான் கொடுப்பார்கள். சுத்தமான, காய்ந்த, புதுக் கண்ணாடி டியூபில் 2 மி.லி. ரத்தம், இருபது நிமிடம் தொடக் கூடாது, பிறகு ஒரே ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். பிளாஸ்டிக் டியூபோ சோப்பு போட்டுக் கழுவியதோ ஈரமானதோ பொய் சொல்லும். நடுவில் ஆட்டிப் பார்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், எனக்கும்தான். விஷமுறிவு ஊசி முதல் தவணை பொதுவாக 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான். ஆள் சின்னவர் என்று பாம்பு விஷத்தைக் குறைப்பதில்லை.

எழுதுவதும் சொல்வதும்

பார்க்காததைப் 'பார்த்தேன், நார்மல்' என்று எழுதாதீர்கள். நான் எழுதினேன். இளம்பெண் ஒருவரின் கேஸ் ஷீட்டில், ஆர்.எஸ். (நுரையீரல்) பார்த்துவிட்டு நேரமாகிவிட்டது என்று, சி.வி.எஸ். (இதயம்) வரியை மேலே இருந்ததைப் பார்த்து நிரப்பினேன். சீஃப் ஸ்டெதாஸ்கோப் வைத்தார், எடுத்தார், என் காதில் மாட்டிவிட்டார். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கி, உறுமல் மாதிரி ஒரு மர்மர். அவர் திட்டவேயில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. 'பார்க்கவில்லை' என்று எழுதினால் ஒரு நாள் வசவு. அவ்வளவுதான்.

கேஸ் சொல்லும்போது முதல் வரியிலேயே ஆள் தெரிய வேண்டும்: வயது, ஊர், என்ன வேலை, என்ன தொந்தரவு, எத்தனை நாள். நல்லம்பள்ளியைச் சேர்ந்த ஐம்பத்தைந்து வயதுத் தோட்டக் கூலி, மூன்று வாரமாக மூச்சுவாங்குகிறது, படுத்தால் அதிகம். இந்த ஒரு வரி சரியாக விழுந்தால் பாக்கி தானாக வரும். மூன்று நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள்.

2020இலிருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்த பிறகு, தமிழ் வழியில் படித்த பலர் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களில் நிறையப் பேர் ரவுண்ட்ஸில் வாயே திறப்பதில்லை. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆங்கிலத்தில் கேஸ் சொல்லத் தேவைப்படுவது முப்பது நாற்பது வாக்கியம், அவ்வளவுதான். எல்லாக் கேஸுக்கும் அதே வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். நல்லபடியாகச் சொல்லும் சீனியர் ஒருவர் சொல்வதை எழுதிக்கொண்டு, ராத்திரி கண்ணாடி முன் நின்று ஒரு வாரம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஆனால் கட்டில் பக்கத்தில் உங்களுக்கு இருக்கும் வசதி கான்வென்ட்டில் படித்து வந்தவருக்குக் கிடையாது. பாட்டி "நெஞ்சாங்கூட்டுல பிசையுது" என்றால் உங்களுக்கு உடனே புரியும். கான்வென்ட்காரர் உங்களைத்தான் அர்த்தம் கேட்பார். வெட்கப்படாமல் பண்டமாற்று செய்துகொள்ளுங்கள்.

ஹவுஸ் சர்ஜன் ராத்திரிகள்

மெடிசினில் ஹவுஸ் சர்ஜன் காலம் ஆறு வாரம். ரத்தம் எடுப்பது, வென்ஃப்ளான் (மருந்தேற்றும் ஊசிக்குழாய்) போடுவது, லேபுக்கு ஓடுவது, ரிப்போர்ட்டைத் துரத்துவது என்றே பாதி போகும். அதைச் சலித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. ஓடும்போது நாலு பேரைப் பார்த்துக்கொண்டே ஓடுங்கள்.

நினைவில்லாமல் வருகிற யாருக்கும் முதலில் விரல் நுனியில் சுகர். பக்கவாதம் என்று ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனவர், குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து "பஸ் ஸ்டாண்டுல என் சைக்கிள் நிக்குது" என்றதைப் பார்த்திருக்கிறேன். சந்தேகமென்றால் மேற்படிப்புப் படிக்கும் பி.ஜி.யையோ அசிஸ்டென்ட் புரொபசரையோ எழுப்புங்கள். போனில் சொல்லும்போது கதையைப் பின்னால் வைத்து ஆபத்தை முன்னால் வையுங்கள்: எந்த வார்டு, எந்தக் கட்டில், நாடி, பி.பி., ஆக்சிஜன் எவ்வளவு, நீங்கள் என்ன செய்தீர்கள், அவர் வர வேண்டுமா. தூக்கத்தில் எரிந்து விழுந்தால் விழட்டும்.

ஊசி குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், மறைக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடும் பழக்கத்தை இன்றே விடுங்கள். ஊசி போக வேண்டியது வெள்ளை டப்பாவுக்கு.

பூச்சிமருந்து உள்ளே போய் வருகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம். "தெரியாம குடிச்சிட்டாங்க" என்றுதான் கூட வந்தவர்கள் சொல்வார்கள். ஏ.ஆர். (போலீஸுக்குத் தகவல் போகும் விபத்துப் பதிவு) போடுவது கட்டாயம், போட்டுவிடுங்கள். ஆனால் கட்டிலில் இருப்பவரிடம் போலீஸ்காரர் மாதிரி பேசாதீர்கள். டப்பாவை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள், அதில் இருக்கும் முக்கோணத்தின் நிறமும் மருந்தின் பெயரும் வேண்டும். கையுறை போட்டு, அவர் துணியை மாற்றி, உடம்பைக் கழுவுங்கள். விஷத்தை முறிக்கக் கொடுக்கும் அட்ரோபின் ஊசியின் சார்ட் உங்கள் பொறுப்பில் இருந்தால் நெஞ்சு தெளிந்திருக்கிறதா, நாடி எவ்வளவு, அக்குள் காய்ந்திருக்கிறதா என்று நேரத்துக்கு நேரம் நீங்களே போய்ப் பாருங்கள். மேஜையில் உட்கார்ந்து நிரப்பும் சார்ட் அல்ல அது. உயிர் தப்பியவரை மனநல மருத்துவர் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. 104, 14416 என்ற இரண்டு உதவி எண்களையும் அவரிடமும் வீட்டாரிடமும் எழுதிக் கொடுங்கள். அவரிடம் தனியாகப் பேசக் கிடைக்கும் பத்து நிமிடத்தில் அறிவுரை வேண்டாம். "என்னங்க ஆச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

வீட்டுக்கு அனுப்புவது

டிஸ்சார்ஜ் சம்மரியை ஆங்கிலத்தில் எழுதித்தான் ஆக வேண்டும், அடுத்து பார்க்கும் டாக்டருக்கு அது தேவை. ஆனால் நோயாளியின் கையில் போவது அது மட்டும் என்றால், இத்தனை நாள் கேட்டதெல்லாம் வார்டிலேயே நின்றுவிடும். படிக்கத் தெரியாதவர் என்றால் மாத்திரை அட்டையின் பின்னால் பேனாவால் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுங்கள். பழைய பையிலிருந்து எதை நிறுத்த வேண்டுமோ அதைத் தனியாக எடுத்துக் காட்டி, "இது இனிமே வேண்டாம்" என்று சொல்லுங்கள். பிறகு அவரையே ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எது புரியவில்லை என்று அப்போதுதான் தெரியும்.

இன்சுலின் எழுதினால் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மண்பானைக்குள் ஈரமணல் போட்டு, அதில் சின்னப் பானையை வைத்து, அதற்குள் குப்பியை நனையாமல் வைக்கச் சொல்லலாம். சாப்பாடு என்றதும் "களிதான் சாப்பிடறேன், சுகர் ஏறாதுல்ல?" என்று கேட்பார்கள். ராகியில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, நல்லதுதான். ஆனால் மாவுச்சத்தில் அரிசிக்கு ரொம்பக் குறைந்ததில்லை. உருண்டையின் அளவுதான் பேச்சு. களியை நிறுத்தச் சொன்னால் நீங்கள் சொன்ன மற்ற எதையும் கேட்கமாட்டார். இரண்டு உருண்டையை ஒன்றாக்கி, கீரையையும் பருப்பையும் கூட்டச் சொன்னால் கேட்பார்.

கடைசியாக ஊரைக் கேளுங்கள். சித்தேரி மலை, வத்தல்மலை, தளிக்கு அப்பால் ஏதாவது கிராமம் என்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு சீட்டைக் கையில் கொடுத்தால் அவர் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில்தான் ராத்திரி படுக்க வேண்டியிருக்கும். காலையில் ரவுண்ட்ஸ் முடிந்ததும் அவருடைய சம்மரியை முதலில் எழுதுங்கள்.